கலங்கிய ஊருணித் தண்ணீருக்கு முதலில் தேற்றாங்கொட்டை, பிறகு குளோரின்

மழை வெள்ளத்தில் கலங்கிய தண்ணீரில் குளோரின் மாத்திரையை நேராகப் போடாதீர்கள். மண்பானையின் உட்புறத்தில் சிறிது தண்ணீர் விட்டு ஒரு தேற்றாங்கொட்டையை நன்றாக இழைத்து, ஊருணித் தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றி, இரவு முழுவதும் அசைக்காமல் வையுங்கள். காலையில் மேலே தெளிந்ததை மட்டும் வேறு குடத்துக்கு மாற்றி, பிறகு மாத்திரை போட்டு மூடி, 30 நிமிடம் கழித்துக் குடிக்கலாம். மாத்திரை அளவு அட்டையில் இருக்கும். கண் அளவு இதற்கு ஆகாது.

கொட்டையிலிருந்து கரையும் பொருள் சேற்றுத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைப்பதால் அவை கனத்து அடியில் தங்குகின்றன. கலங்கல் இருந்தால் குளோரின் அந்த அழுக்கிலேயே செலவாகிவிடும். அதனால்தான் கலங்கிய தண்ணீருக்கு இரட்டிப்பு மருந்து தேவைப்படுகிறது. கொட்டை நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். படிகாரமும் இந்த வேலையைச் செய்யும், ஆனால் கை கொஞ்சம் தாராளமானால் தண்ணீர் துவர்த்துவிடும்.

தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் அல்ல. மாத்திரை இல்லையென்றால் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்தே தீர வேண்டும்.

தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கடல்நீர் ஏறிய கிணறுகளுக்கு இந்த முறை உதவாது. உப்பைக் கொட்டையும் எடுக்காது, குளோரினும் எடுக்காது. கொதிக்க வைத்தால் இன்னும் கரிக்கும். மண்ணெண்ணெய், பூச்சிமருந்து வாடை அடிக்கும் தண்ணீரையும் தொடாதீர்கள்; அங்கெல்லாம் லாரித் தண்ணீர்தான்.