கன்ட்ரி கிறிஸ்துமஸ் பாடல்கள்: தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க கன்ட்ரி இசையில் கிறிஸ்து பிறப்பைச் சொல்லும் பாட்டுகள் எனக்கு ரொம்பப் பிரியம். மலையோரக் குடிசைகளிலும் பண்ணைகளிலும் வளர்ந்த குரல்கள் முன்னணையில் கிடந்த பிள்ளையைப் பாடும்போது, தங்கள் வீட்டுக் கதையைச் சொல்வது போலவே இருக்கும். அதனால்தான் ஆலய நிகழ்ச்சிக்கோ வீட்டு ஜெபத்துக்கோ பட்டியல் போடும்போது நடக்கிற சில தவறுகள் மனசை உறுத்துகின்றன.

தலைப்பில் ‘கிறிஸ்துமஸ்’ இருக்கிறதே என்று சேர்த்துவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. டாலி பார்ட்டன் பாடிய ‘ஹார்ட் கேண்டி கிறிஸ்துமஸ்’ ஓர் இசை நாடகத்துக்காக கேரல் ஹால் எழுதியது. விபசார விடுதி மூடப்பட்டதும் எங்கே போவது என்று தெரியாமல் பிரிகிற பெண்கள் பாடுவது அது. மெர்ல் ஹாகார்டின் ‘இஃப் வி மேக் இட் த்ரூ டிசம்பர்’ (1973), ஆலை வேலை போன ஓர் அப்பாவின் தவிப்பு. இரண்டுமே நெஞ்சைக் கனக்க வைக்கும், வீட்டில் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் இரண்டிலும் பெத்லகேம் இல்லை.

அடுத்தது, பாட்டு எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் ‘பழைய நாட்டுப்பாடல்’ என்று அச்சடிப்பது. ‘ஐ வொண்டர் ஆஸ் ஐ வாண்டர்’ பாட்டுக்கு இது அடிக்கடி நடக்கிறது. 1933இல் நார்த் கரோலினாவின் மர்ஃபி என்ற ஊரில் ஒரு நற்செய்திக் கூட்டம். கிழிந்த உடுப்போடு ஒரு சிறுமி ஒரு பாட்டின் துண்டைப் பாடினாள். நாட்டுப்பாடல்களைச் சேகரித்துவந்த ஜான் ஜேக்கப் நைல்ஸ் என்ற பாடகர், ஒவ்வொரு முறைக்கும் 25 சென்ட் கொடுத்துத் திரும்பத் திரும்பப் பாடச் சொன்னார். கிடைத்தது மூன்றே வரி. மீதி அவர் எழுதிச் சேர்த்தது. ஆகவே அவர் பெயரைப் போடுங்கள்.

அதே பாட்டில் இன்னொன்றும் செய்கிறார்கள். இரட்சகர் நம்மைப் போன்ற ஏழை எளியவர்களுக்காக மரிக்க வந்தார் என்று முதல் சரணமே சொல்கிறது. பண்டிகை நாளில் சாவுப் பேச்சு எதற்கு என்று அதை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். முன்னணையும் சிலுவையும் ஒரே மூச்சில் வருவதுதான் அந்தப் பாட்டின் உயிர்.

‘கோ டெல் இட் ஆன் தி மவுண்டன்’ கன்ட்ரி பாடகர்கள் பலர் பாடியிருப்பதால் வெள்ளைக்கார மலைப்பாட்டு என்று சிலர் நினைக்கிறார்கள். அது கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாட்டு. நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் வெஸ்லி வொர்க் அதைச் சேகரித்து அச்சுக்குக் கொண்டுவந்தார். பாடுவதற்கு முன் இதை ஒரு வார்த்தை சொல்லலாமே.

சரி, ‘தி செர்ரி ட்ரீ கேரல்’? கென்டக்கியின் ஜீன் ரிச்சி பாடிக் கேட்டால் விடமாட்டீர்கள். யோசேப்பு கோபத்தில் பழம் பறித்துத் தர மறுக்க, மரமே மரியாளுக்காக வளைந்து கொடுக்கும். ஆனால் இது வேதாகமத்தில் இல்லை, பழைய செவிவழிக் கதை. அதைச் சொல்லிவிட்டுப் பாடினால் குறையேதும் இல்லை. மலைப்பகுதி மக்கள் பாடும் சில வடிவங்களில் இயேசு பிறந்த நாள் ஜனவரி 6 என்று வரும். அதைத் தவறென்று திருத்தவும் வேண்டாம். 1752இல் பிரிட்டன் நாள்காட்டியை மாற்றிய பிறகும் பழைய நாள்காட்டிக் கணக்கிலேயே கிறிஸ்துமஸைக் கொண்டாடியவர்களின் நினைவு அது.

அப்புறம் இசை. ‘பியூட்டிஃபுல் ஸ்டார் ஆஃப் பெத்லகேம்’ பாட்டை டென்னசியைச் சேர்ந்த ஃபிஷர் பாய்ஸ் 1938இல் எழுதினார். வீட்டில் பிள்ளைகள் சத்தம் தாங்காமல் பால் கறக்கும் கொட்டகையில் போய் உட்கார்ந்து எழுதினாராம். ஒருமுறை எங்கள் பாடகர் குழுவில் கீபோர்டில் வயலின் ஒலியை ஏற்றி, டிரம்ஸும் வைத்து இதைப் பாடினோம். பல்லவியில் ஒருவர் அழைக்க மற்றவர்கள் எதிரொலிக்க வேண்டும், எங்களுக்கோ அந்த எதிரொலியே காதில் விழவில்லை. அடுத்த வருஷம் ஒரு கிதார், நான்கு குரல், மூன்று தட்டுத் தாளம், அவ்வளவுதான். பின்வரிசையில் இருந்த பாட்டிமார் எதிரொலியைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.