மீன் தொட்டிச் செடிக்கு எவ்வளவு வெளிச்சம்?

முத்தியால்பேட்டை வீட்டில் கிழக்கு ஜன்னலோரம் இரண்டடித் தொட்டியை வைத்தேன். காலை வெயிலில் செடி செழிக்கும் என்று கணக்கு. மூன்றே வாரத்தில் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டிக் கை வலித்ததுதான் மிச்சம்.

தொட்டியை வெயில் விழாத சுவரோரம் மாற்றுங்கள். விளக்கு வாங்கும்போது வாட்ஸைவிட லூமனை, அதாவது விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவைப் பாருங்கள். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் போன்ற குறைந்த வெளிச்சத்திலேயே வளரும் செடிகளுக்குத் தொட்டித் தண்ணீர் லிட்டருக்கு 15 முதல் 20 லூமன் தாராளம். 6500 கெல்வின் (பகல் வெளிச்ச நிறம்) வெள்ளை எல்இடி போதும். செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு தரும் சிலிண்டர் இல்லாமல் பளீரென்ற விளக்கு போட்டால் பாசிக்குத்தான் விருந்து.

டைமர் வைத்து மாலை 4 முதல் 10 வரை மட்டும் எரியவிடுங்கள். முள் சுற்றும் டைமர் என்றால் கரண்ட் போனதும் நின்று பின்தங்கிவிடும். நம்ம ஊரில் அடிக்கடி சரிபார்க்கணும். புது இலை வந்து, பாசியும் இல்லையென்றால் வாரம் அரை மணி கூட்டி எட்டு மணி நேரத்தில் நிறுத்துங்கள்.

பாசி மறுபடி தலைகாட்டினால் பழையபடி ஆறு மணி நேரம், வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றம். தீனியும் ஒரு சிட்டிகை குறையட்டும்.