டெஸ்மின் தசைச்செல்லில் செய்யும் வேலை: பென்சிலால் வரைந்து அறியும் முறை

தசைச்சுருக்கத்தை விளக்கும் பாடநூல் படங்கள் பெரும்பாலும் ஆக்டின், மயோசின் என்ற புரத இழைகளாலான ஒரே ஒரு தசை நுண்ணிழையைத்தான் காட்டுகின்றன. ஆக்டின் இழைகள் மயோசின் இழைகளுக்கிடையே வழுக்கிச் செல்வதைப் புரிந்துகொள்ள அது போதும். ஆனால், நூற்றுக்கணக்கான நுண்ணிழைகள் அருகருகே கிடக்கும் உண்மையான தசைச்செல்லில் அவை எல்லாம் வரிசை பிசகாமல் நிற்பது எப்படி என்ற கேள்வி அந்தப் படத்தைப் பார்க்கும்போது எழுவதே இல்லை. அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்துவது டெஸ்மின் என்ற புரதம். அதைக் காண மூன்று நுண்ணிழைகளை வரைவோம். ஓர் ஏ4 தாள், அளவுகோல், பென்சில், சிவப்பு, நீல வண்ணப் பென்சில்கள், அழிப்பான் ஆகியவை தேவை.

படி 1. 1 மைக்ரோமீட்டருக்கு 2 செ.மீ. என்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். தாளைப் படுக்கைவாட்டில் வைத்து, 2 செ.மீ. அகலமுள்ள மூன்று பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக, இடையில் 1 செ.மீ. விட்டு வரையுங்கள் (இந்த இடைவெளி, வரையும் வசதிக்காகச் சற்றுக் கூட்டியது). ஒவ்வொரு பட்டையிலும் 5 செ.மீ.க்கு ஒரு குறுக்குக்கோடு இடுங்கள். இவை இசட் தட்டுகள். அடுத்தடுத்த இரண்டு தட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதி ஒரு சார்கோமியர். மூன்று பட்டைகளிலும் தட்டுகள் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக அமைய வேண்டும்.

படி 2. இசட் தட்டுகளிலிருந்து இருபுறமும் ஆக்டினையும், சார்கோமியரின் நடுவில் மயோசினையும் வரையுங்கள். இது தெரிந்த பாடம்தான்.

படி 3. இப்போது சிவப்புப் பென்சிலை நன்றாகக் கூர்தீட்டுங்கள். ஒவ்வொரு இசட் தட்டின் விளிம்பையும் சுற்றி, அங்கிருந்து அடுத்த பட்டையின் தட்டுக்கும், வெளிப்பட்டைகளிலிருந்து செல் படலத்துக்கும் (செல்லின் வெளியுறை; வெளிப்பட்டைகளுக்கு அப்பால் ஒரு கோடாக வரைந்துகொள்ளுங்கள்) கோடுகளை இழுங்கள். இதுவே டெஸ்மின் வலை. டெஸ்மின் இழையின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர்; நம் அளவில் அது 0.2 மி.மீ., கூரிய பென்சில் முனை விடும் மெல்லிய கோடு. ஏறத்தாழ 7 நானோமீட்டர் ஆக்டினுக்கும் 15 நானோமீட்டர் மயோசினுக்கும் நடுவே இருப்பதால்தான் இவ்வகை இழைகளுக்கு இடைநிலை இழைகள் என்று பெயர் வந்தது. 1976இல் லசாரிடஸ், ஹப்பர்டு ஆகியோர் இந்தப் புரதத்துக்கு, பிணைப்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து டெஸ்மின் என்று பெயரிட்டனர்.

சிவப்புக் கோட்டில் அம்புக்குறி இடாதீர்கள். டெஸ்மின் மூலக்கூறுகள் எதிரெதிர்த் திசையில் இணைந்து இழையாவதால், அதற்குத் தலை, வால் என்ற வேறுபாடு கிடையாது. ஆக்டின்மேல் மயோசின் நடப்பதுபோல் இதன்மேல் எந்த இயக்கப் புரதமும் நடக்க முடியாது. இழுப்பது இதன் வேலையன்று. மற்றவை இழுக்கும்போது அறுந்துபோகாமல் நீண்டுகொடுத்து, ஒரு நுண்ணிழையின் விசையைப் பக்கத்து நுண்ணிழைக்கும் செல் படலத்துக்கும் கடத்துவதே இதன் வேலை.

படி 4. பட்டைகளின் இடைவெளியில், இசட் தட்டுகளுக்கு அருகே, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களையும், செல் படலத்தை ஒட்டி ஓர் உட்கருவையும் வரைந்து, அவற்றையும் சிவப்புக் கோட்டால் வலையோடு இணையுங்கள்.

படி 5. சிவப்புக் கோடுகளை எல்லாம் அழியுங்கள். ஆக்டினும் மயோசினும் அப்படியே இருப்பதால் தசை சுருங்கத்தான் செய்யும். 1996இல் வெளியான ஆய்வுகளில், டெஸ்மின் மரபணு நீக்கப்பட்ட எலிகள் உயிரோடு பிறந்து வளரவும் செய்தன. ஆனால் நாள் செல்லச் செல்ல, ஓயாமல் உழைக்கும் இதயத் தசையிலும் உதரவிதானத்திலும் சிதைவு தெரிந்தது. நுண்ணிழைகள் வரிசை குலைந்தன, மைட்டோகாண்ட்ரியாக்கள் இடம் பெயர்ந்தன. நடுப்பட்டையை மட்டும் அரை செ.மீ. வலப்புறம் தள்ளி மறுபடி வரைந்து பாருங்கள்: படி 1இல் நேராக நின்ற இசட் தட்டுகள் இப்போது படிக்கட்டுபோல் முறிந்து தெரியும்.

படி 6. மனிதர்களில் பெரும்பாலும் நேர்வது வேறு. டெஸ்மின் மரபணுவில் பிழை இருந்தால், புரதம் உருவாகியும் ஒழுங்கான இழையாகாமல் கட்டிகட்டியாகத் திரளக்கூடும். புதிய தாளில் பட்டைகளுக்கு இடையே நீலத்தில் சில திட்டுகளை வரையுங்கள். இந்நோயில் கால் தசைகள் படிப்படியாக வலுவிழப்பதும், இதயத் துடிப்பு தடைபடுவதும் உண்டு. சிலருக்கு பேஸ்மேக்கர் பொருத்த வேண்டியும் வரும்.