வாடிய செடியைக் கண்டதும் வாளியைத் தூக்காதீர்கள்: கச்சான் காலத்தில் நடக்கும் தவறுகள்

கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத் தோட்டங்களில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கத்தரி இலைகள் துவண்டு தொங்கும். பார்த்தவுடன் மனம் பதறித் தண்ணீர் ஊற்றுகிறோம். பெரும்பாலும் அந்த நேரத்தில் செடி தண்ணீர் கேட்கவில்லை, தன்னைக் காத்துக்கொண்டு நிற்கிறது.

இலையின் தோலில், பெரும்பாலும் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இலைவாய்கள் என்ற நுண்துளைகள் இருக்கின்றன. வேர் கொடுப்பதைவிடக் காற்று அதிகமாக நீரை இழுக்கும்போது செடியில் அப்சிசிக் அமிலம் என்ற ஓமோன் கூடும். அதனால் துளையின் இருபுறமும் உள்ள காவற்கலங்கள் தளர்ந்து இலைவாயை மூடிவிடும். நீரிழப்பு குறைந்தாலும் காபனீரொட்சைட்டு உள்ளே வராது, ஒளித்தொகுப்பும் குறையும். இலை தொங்குவதால் அதன் முகத்தில் நேராக விழும் வெயிலும் குறைகிறது. வேரடியில் ஈரம் இருந்தால் மாலை ஐந்தரைக்கெல்லாம் அதே இலை நிமிர்ந்து நிற்கும். ஆகவே தீர்ப்பைக் காலை ஆறு மணிக்குச் சொல்லுங்கள். விடிந்தும் இலை தொங்கினால்தான் ஆபத்து. அப்போதும் முதலில் செடிக்கு ஒரு சாண் தள்ளி 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் கிண்டி, ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்குங்கள். கையைத் திறந்தவுடன் விரலிடுக்கால் பொலபொலவென்று கொட்டினால் தண்ணீர் வேண்டும். உருண்டையாகச் சற்று நின்றால் வேண்டாம்.

அடுத்தது அளவு. தினமும் மேலால் கொஞ்சம் தெளிப்பவர்கள் அதிகம். சதுர மீற்றருக்கு 2 லீற்றர் ஊற்றினால் காய்ந்த மணலில் மேல் இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான் நனையும். வேர் அந்த ஈரத்தைத் தேடி மேலேயே படரும், ஒருநாள் தவறினாலும் செடி சாயும். இதற்கு மாற்றாக ‘வாரத்துக்கு ஒருமுறை நிறையப் பாய்ச்சு’ என்று சொல்வார்கள். களிமண்ணுக்கு அது சரி, நம்முடைய கடற்கரை மணலுக்குப் பொருந்தாது. 30 சென்ரிமீற்றர் ஆழ மணலில் பயிருக்குக் கிடைக்கும் நீர் ஏறத்தாழ 20 முதல் 25 மில்லிமீற்றர் (ஒரு மில்லிமீற்றர் என்றால் சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர்). அதில் பாதி தீர்வதற்குள் மீண்டும் கொடுக்க வேண்டும். கச்சான் நாளில் நன்கு வளர்ந்த பயிர் 5, 6 மில்லிமீற்றரைக் குடித்துவிடும். கணக்குப் பார்த்தால் ஒருநாள் விட்டு ஒருநாள், சதுர மீற்றருக்கு 10 முதல் 12 லீற்றர் போதும். அதற்கு மேல் ஊற்றுவது வேருக்குக் கீழே வடிந்து, போட்ட யூரியாவையும் கிணற்றுக்குக் கொண்டுபோகும். வேரடியில் வைக்கோலையோ காய்ந்த சருகையோ 5 சென்ரிமீற்றர் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் கறையான் வரும்.

வாடிய செடிக்கு ‘சத்துக் குறைவு’ என்று யூரியா போடுவது மிகக் கொடிய தவறு. காய்ந்த மண்ணில் கரையும் உரம் உப்பைப் போல வேலை செய்து, வேருக்குப் போகவேண்டிய நீரைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். இலை விளிம்பு கருகும். முதலில் நீர், செடி தெளிந்த பிறகு உரம்.

மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறதா? வேர் மூச்சுவிட வழியில்லாமல் அழுகியிருக்கலாம். பிடுங்கிப் பாருங்கள், நல்ல வேர் வெள்ளையாக இருக்கும், அழுகியது மண்ணிறமாகி உருவினால் தோல் கழன்று வரும். அல்லது கிணற்றில் உப்பேறியிருக்கும். வாவியோரக் கிணறுகளில் கோடையில் மோட்டரை நீண்டநேரம் ஓட்டினால் உவர்நீர் உள்ளே ஏறும். மிளகாய்க்குப் பாயும் நீரின் மின்கடத்துதிறன் (உப்பின் அளவைக் காட்டும் அளவீடு) மீற்றருக்கு 1 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கலாம். இந்த இரண்டு நிலையிலும் மேலும் அதே தண்ணீரை ஊற்றுவது செடியைக் கொல்லும்.

எல்லாப் பருவத்துக்கும் ஒரே அளவாக நீரைப் பங்கிடுவதும் தவறுதான். சிறுபோகத்தில் வாய்க்கால் நீர் குறைந்தால் நெல் மட்டம் வெடிக்கும், அதாவது பக்கக் கிளைகள் விடும், காலத்தில் சில நாள் பொறுக்கும். இலை ஊசிபோலச் சுருண்டு, நீர் கிடைத்ததும் விரியும். கதிர் தண்டுக்குள் இருக்கும் குடலைப் பருவத்திலிருந்து பூக்கும் வரை பொறுக்காது. அப்போது காய்ந்தால் மகரந்தம் கெட்டு மணி பதராகும், பிறகு வயலை நிரப்பினாலும் பதர் நெல்லாகாது. கச்சான் கடலைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, ஆபத்தான கட்டம் பூவிலிருந்து விழுது (நுனியில் காய் உருவாகும் காம்பு) மண்ணுக்குள் இறங்கும் நேரம். மேல்மண் இறுகிக் காய்ந்திருந்தால் விழுதால் துளைத்துப் போக முடியாது. அங்கே மேல் 5 சென்ரிமீற்றர் மண்ணும் ஈரமாகவே இருக்க வேண்டும், காய் தனக்கு வேண்டிய கல்சியத்தை அந்த மண்ணிலிருந்தே நேரடியாக எடுக்கிறது.

நாற்றுமேடையில் செல்லமாக வளர்த்த மிளகாய் நாற்றை நேரே வெயிலில் நடாதீர்கள். நடுவதற்கு 7 முதல் 10 நாளுக்கு முன்பே நீரைச் சிறிது சிறிதாகக் குறைத்து, நிழலையும் விலக்குங்கள். இலை தடிக்கும், மேல்தோலில் மெழுகு கூடும், தண்டு உரமேறும். நடுவதை மாலை நான்கு மணிக்குப் பிறகு வைத்துக்கொண்டு, குழியை முதலில் நனைத்துவிட்டு நடுங்கள்.