வெளிநாட்டில் டாக்சி: குமரி மாவட்டத்துக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ "எவ்வளவு வேணும்?" என்று கேட்காமல் யாரும் ஆட்டோவில் ஏறுவதில்லை. மீட்டர் ஓடாத ஊரில் வாடகையை முன்பே பேசிவிடுவதுதான் சரி. ஆனால் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி துபாயில் இறங்கிய பிறகும் அதே கேள்வியைக் கேட்பதுதான் முதல் தவறு. மீட்டர் கட்டாயமான இடத்தில் நீங்கள் வாடகை பேசினால், மீட்டர் போடாமல் ஓட்ட டிரைவருக்கு நீங்களே வழி திறந்துவிடுகிறீர்கள். மீட்டர் ஓடாவிட்டால் ரசீது வராது. ரசீது இல்லாமல் புகார் கொடுக்கப் போனால் கையில் பிடிமானம் எதுவும் இருக்காது. ஏறி உட்கார்ந்ததும் மீட்டரைப் பாருங்கள். ஓடவில்லையென்றால் வண்டி நகரும் முன்பே "மீட்டர் ப்ளீஸ்" என்று சொல்லுங்கள்.

விமான நிலைய வாசலில் தமிழிலோ மலையாளத்திலோ பேசி "வாங்க, ரூமுல கொண்டு விடுறேன்" என்று பெட்டியைத் தூக்குபவரை நம்பி ஏறுவது அடுத்த தவறு. உரிமம் இல்லாமல் ஆள் ஏற்றும் கள்ள டாக்சி வளைகுடா நாடுகளில் சட்டவிரோதம். வழியில் விபத்து நடந்தால் அந்த வண்டியின் காப்பீட்டை நம்ப முடியாது. துபாயில் அரசு உரிமம் பெற்ற டாக்சிகளின் உடல் இளமஞ்சள் நிறத்தில் இருக்கும், கூரையில் மட்டும் வேறு நிறம் இருக்கும். பெண்கள் ஓட்டும் டாக்சிக்கு இளஞ்சிவப்புக் கூரை. தனியாக வரும் பெண்கள் இதைக் கேட்டுப் பெறலாம். கத்தாரில் கர்வா என்ற நிறுவனத்தின் டாக்சி நீலப்பச்சை நிறத்தில் ஓடுகிறது.

மீட்டரில் தொகை கூடினாலே ஏமாற்று என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. துபாய் விமான நிலையத்தில் ஏறினால் மீட்டர் 25 திர்ஹமில்தான் தொடங்கும். துபாய் டாக்சியில் ஷார்ஜா போனால் மேலும் 20 திர்ஹம் சேரும், சாலிக் என்ற சாலைச் சுங்கமும் உங்கள் கணக்குதான். சிங்கப்பூரில் நெரிசல் நேரத்தில் மீட்டர் தொகையில் 25 சதவீதமும் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை 50 சதவீதமும் கூடும். இவையெல்லாம் முறையான கட்டணங்கள். இவற்றுக்கு மேல் பெட்டிக்குத் தனிக்காசு, "சில்லறை இல்லை" என்று மீதியை வைத்துக்கொள்வது போன்றவற்றைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

குவைத், பஹ்ரைன், ஓமான் மூன்றிலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அங்கே 1 தினார் அல்லது ரியால் நூறு காசு அல்ல, ஆயிரம். மீட்டரில் 2.500 என்றால் இரண்டரை தினார். புதிதாக வந்தவர் புள்ளியைக் கவனிக்காமல் தடுமாறுவது இங்கேதான். ஏறும் முன் நோட்டையும் நாணயத்தையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

வீண் செலவு பெரும்பாலும் முகவரியில்தான் தொடங்குகிறது. "சர்ச்சுக்குப் பக்கம், ஆலமரத்து முக்கு" என்று அடையாளம் சொல்லியே பழகியவர்கள் நாம். அங்கே டிரைவரும் பல நேரம் புதியவராகவே இருப்பார், மீட்டர் ஓடிக்கொண்டிருக்க நீங்கள் சுற்றுவீர்கள். துபாயில் ஒவ்வொரு கட்டட வாசலிலும் அந்த இடத்தைக் காட்டும் 10 இலக்க மக்கானி எண் இருக்கும். கத்தாரில் நீலப் பலகையில் மண்டலம், தெரு, கட்டடம் என மூன்று எண்கள். சவூதியில் நான்கு ஆங்கில எழுத்தும் நான்கு எண்ணும் சேர்ந்த தேசிய முகவரி. குவைத்தில் பகுதி, பிளாக், தெரு, கட்டட எண். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே கம்பெனியிடமோ அறை நண்பரிடமோ கேட்டு, ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட் கவருக்குள் வையுங்கள். இறங்கியதும் இணையம் கிடைக்காமல் போகலாம், போனில் சார்ஜும் தீர்ந்திருக்கலாம். தாள் அப்போது கைகொடுக்கும்.

தகராறு வந்தால் டிரைவரை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. அமீரகத்தில் ஒருவரை அவர் சம்மதமில்லாமல் படமெடுத்துப் பரப்புவது இணையக் குற்றச் சட்டத்தில் தண்டனைக்குரியது. கெட்ட வார்த்தை பேசுவதும் வழக்காகும். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு உங்கள் மேல் விழும். கதவில் உள்ள வண்டி எண், ஏறிய இடம், நேரம், கேட்ட தொகை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு இறங்குங்கள். துபாயில் சாலைப் போக்குவரத்து ஆணையத்தின் 800 9090 எண்ணில் புகார் சொல்லலாம். பக்கத்து இடம் என்பதற்காக ஏற்ற மறுத்தாலும் இதே எண்ணில் சொல்லலாம்.

பின் இருக்கையில் பெல்ட் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். அமீரகத்தில் எல்லா இருக்கைக்கும் பெல்ட் கட்டாயம், மீறினால் 400 திர்ஹம் அபராதம். பத்து வயதுக்குக் கீழான பிள்ளைகளை முன்னால் உட்கார வைக்க முடியாது.

லண்டனுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு: கறுப்பு டாக்சியைத் தெருவில் கை காட்டி நிறுத்தலாம், மினிகேப் எனும் தனியார் வாடகைக் காரில் முன்பதிவு செய்துதான் ஏற வேண்டும். பதிவில்லாமல் ஏற்றும் மினிகேப் சட்டத்தை மீறுகிறது, உங்கள் பயணத்துக்குக் காப்பீடும் இல்லாமல் போகும்.

இறங்கும்போது அவசரத்தில் ரசீதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். சான்றிதழ்ப் பையை வண்டியிலேயே விட்டுவிட்டால், ரசீதில் உள்ள வண்டி எண்ணையும் நேரத்தையும் சொன்னால்தான் எந்த வண்டி என்று விரைவில் தேட முடியும். ஒரு வாரமாவது அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.