புறாத்தீவில் புறாவைப் பார்ப்பது எப்படி?

இலங்கையின் திருகோணமலைக்கு அருகே, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் இருக்கும் புறாத்தீவு 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. வருபவர்களில் அநேகர் முருகைக்கல் (பவளப்பாறை) பார்க்கத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டு, தீவுக்குப் பெயர் தந்த மாடப்புறாவைக் காணாமலே திரும்புகிறார்கள். அது பெரிய இழப்பு.

புறப்படும் காலம்

மே முதல் செப்டெம்பர் வரை நல்லது. வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். கூட்டம் சேருமுன் காலையிலேயே படகேறுங்கள். நுழைவுச்சீட்டைக் கரையில் எடுக்க வேண்டும், படகுக்கூலி வேறு.

பைனாகுலரைக் கரையிலேயே சரிசெய்யுங்கள்

8×42 (எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீற்றர் முன்கண்ணாடி) போதும். 10 மடங்கு பெருக்கினால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெருகும். இரண்டு வட்டமும் ஒன்றாகும் வரை நடுவில் மடியுங்கள். வலது குழாயை உள்ளங்கையால் மூடி, தூரத்துப் படகில் எழுதியிருக்கும் எழுத்தை இடக்கண்ணால் பார்த்து, நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடது குழாயை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் பக்க வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். இதைத் தவறவிட்டால் இரு கண்ணும் இருவேறு தெளிவில் பார்க்கும். சிறிது நேரத்தில் தலை வலிக்கும்.

படகில் அதைப் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். கண்ணாடியில் கடல்நீர் பட்டால் காயவிட்டுத் தேய்க்காதீர்கள், உப்புக் கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்த மென்துணியால் ஒற்றியெடுங்கள்.

தீவில் தேடும் முறை

சாம்பல் பாறையில் சாம்பல் பறவை. அசையாதவரை கண்ணுக்குப் படாது. ஆகவே பறவையைத் தேடாமல், பாறை இடுக்குகளின் கீழே எச்சம் வழிந்த வெள்ளைக் கோடுகளைத் தேடுங்கள். கோட்டைப் பிடித்து மேலே போனால் இடுக்கின் வாயில் அது உட்கார்ந்திருக்கும். சிறகில் இரண்டு கறுப்புப் பட்டைகள் தெரிய வேண்டும். வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் கழுத்தின் பச்சையும் ஊதாவும் மின்னும்; எதிர்வெயிலில் வெறும் கறுப்பு உருவம்தான். வெள்ளை இறகோ தவிட்டு நிற இறகோ கலந்திருந்தால் வீட்டுப்புறாவின் கலப்பு இருக்கலாம்.

எவ்வளவு கிட்டப் போகலாம்?

புறாவே சொல்லும். இறகு கோதுவதை நிறுத்திக் கழுத்தை நீட்டினால் அளவுக்கு மீறிக் கிட்டப் போய்விட்டீர்கள். பின்னால் நகர்ந்து, உட்கார்ந்து, பேசாமலிருங்கள். பாறையில் ஏறாதீர்கள். அடைகாக்கும் புறா பறந்தால் முட்டை வெயிலில் கிடக்கும், காகமும் பார்த்துக்கொண்டிருக்கும். காகத்தைத் தீவுக்கு அழைப்பது நாம் சிந்தும் சோறுதான். பார்சலைக் கரையில் வந்து பிரியுங்கள்.