பழைய லத்தீன் ஜெபப்புத்தகம் எந்த ஊருக்காக எழுதப்பட்டது? கண்டுபிடிப்பது எப்படி

ஐரோப்பாவில் 13 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை, குருக்களுக்கோ துறவிகளுக்கோ அல்லாமல், வசதியான வீடுகளில் இருந்த விசுவாசிகளுக்காகக் கையால் எழுதப்பட்ட ஜெபப்புத்தகம்தான் 'புக் ஆஃப் அவர்ஸ்'. மாதாவை நோக்கி நாளுக்கு எட்டு வேளை சொல்லும் ஜெபங்கள் இதன் நடுப்பகுதி. பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா தளத்திலும், பால்டிமோர் நகரின் வால்டர்ஸ் அருங்காட்சியகத் தளத்திலும் இவற்றை இலவசமாகப் புரட்டலாம். லத்தீன் தெரிய வேண்டியதில்லை, எழுத்தைக் கூட்டிப் படிக்க முடிந்தால் போதும்.

ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். நூலகக் குறிப்பை இப்போதே படித்துவிடாதீர்கள், விடை அதில்தான் இருக்கும்.

படங்களையும் தாண்டிப் போங்கள். தங்கமும் நீலமும் கண்ணை இழுக்கும்தான், ஆனால் இன்றைய பெல்ஜியத்தின் புரூஜ் நகரப் பட்டறைகள் இங்கிலாந்து வாடிக்கையாளர்களுக்கென்றே புத்தகம் செய்து அனுப்பின. படம் ஓவியரைக் காட்டும், வாங்கியவரைக் காட்டாது.

முதலில் நாட்காட்டி. புத்தகத்தின் தொடக்கத்தில், ஒவ்வொரு மாதத்தின் தலையிலும் கே, எல் இரண்டு எழுத்தும் பெரிதாக இருக்கும். இடப்பக்க எண்களும் எழுத்துகளும் நிலவையும் கிழமையையும் கணக்கிட, இப்போதைக்கு விட்டுவிடலாம். புனிதர் பெயர்களில் எது சிவப்பிலோ தங்கத்திலோ இருக்கிறது என்று பாருங்கள். கிறிஸ்துமஸ் எங்கும் அப்படித்தான் இருக்கும், அதனால் பயனில்லை. உள்ளூர்ப் புனிதர்தான் வேண்டும். ஜனவரி 3-இல் ஜெனவியேவும் அக்டோபர் 9-இல் டெனிஸும் மின்னினால் பாரிஸ். (சில பாரிஸ் நாட்காட்டிகளில் எல்லாப் பெயருமே சிவப்பும் நீலமுமாக மாறி மாறி வரும், அங்கே தங்கத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.) டிசம்பர் 29-இல் இங்கிலாந்துப் புனிதர் தாமஸ் பெக்கெட் பெயர் சுரண்டப்பட்டிருந்தால் புத்தகம் இங்கிலாந்தில் இருந்திருக்கிறது என்று நம்பலாம்: 1538-இல் மன்னர் எட்டாம் ஹென்றி அந்தப் பெயரை அழிக்கச் சொன்னார். சிலர் கடமைக்கு ஒரு மெல்லிய கோடு மட்டும் போட்டு வைத்தார்கள்!

சரி, அடுத்ததுதான் முக்கியம். மாதா ஜெபத்தில் 'அத் பிரிமாம்' (காலை வேளை) என்ற சிவப்புத் தலைப்பைத் தேடி, அந்த வேளையின் முன்மொழியை, அதாவது சங்கீதங்களுக்கு முன்னும் பின்னும் வரும் சிறு வரியைப் பாருங்கள். ஊருக்கு ஊர் ஜெப முறை மாறும், அதோடு இந்த வரியும் மாறும். 'அசும்ப்தா எஸ்த்' என்று தொடங்கினால் ரோம் முறை, 'பெனெதிக்தா தூ' என்றால் பாரிஸ், 'ஓ அத்மிராபிலே' என்றால் இங்கிலாந்தின் சாரம் (சாலிஸ்பரி நகர்) முறை. உறுதிப்படுத்த 'அத் நோனாம்' (பிற்பகல் வேளை) பகுதிக்குப் போங்கள். அங்கே ரோமுக்கு 'புல்க்ரா எஸ்', பாரிஸுக்கு 'சிகுத் லிலியும்', சாரத்துக்கு 'ஜெர்மினாவித்'. இந்த எழுத்தில் ஐ, என், யு, எம் எல்லாம் வெறும் நிற்கும் கோடுகளாகவே தெரியும், எழுத்தின் மேல் சிறு கோடு இருந்தால் அங்கே எம் அல்லது என் விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

ரோம் முறை வந்தால் ரோமில் செய்தது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 15-ஆம் நூற்றாண்டில் அது பல நாடுகளில் புழங்கியது, ஊரைச் சொல்ல நாட்காட்டியும் ஒத்துவர வேண்டும்.

அப்புறம், 'ஒப்செக்ரோ தே' என்ற ஜெபம் இருந்தால் அதையும் ஒரு பார்வை பாருங்கள். அதில் ஜெபிப்பவர் தன்னை 'ஃபாமுலோ' என்றால் ஆண், 'ஃபாமுலே' என்றால் பெண். ஆண்பால் வழக்கமாக எழுதுவது, அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. பெண்பால் வந்தால் ஒரு பெண்ணுக்காக எழுதியது என்பதற்கு நல்ல துப்பு. இப்போது நூலகக் குறிப்பைத் திறந்து சரிபார்க்கலாம்.